பெட்டி மூடிக் கிடக்கிறது. நம் வாய் ஏன் மூடிக் கிடக்கிறது?

வழிபாட்டுப் பாடம்



மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கே போகிறவர்கள், வாகரையை அடையுமுன் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடப்பார்கள். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். களப்பில் இறாலும் நண்டும் பிடிப்போரும், கரையில் வலை இழுப்போரும், மாரியில் வயல் செய்வோரும் வாழும் பகுதி அது. அப்பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றுக்கு ஒரு ஞாயிறு காலை திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். நாற்பது பேர் வரை கூடியிருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்து மூலையில் கீபோர்ட் துணியால் மூடிக் கிடந்தது.

மூப்பர் கையைப் பிசைந்தபடி வந்தார். “சுவாமி, வாசிக்கிற தம்பி கட்டாருக்குப் போயிட்டான். இண்டைக்குப் பாட்டில்லாத பூசைதான். வேணுமெண்டால் போனில பாட்டுப் போடுவம்” என்றார். போன் வேண்டாம் என்றேன். ஆனால் வேறு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. பாட்டில்லாமலே பூசை நடந்தது. ‘தூயவர்’ வந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல் சனங்கள் அதைச் சொல்லி முடித்தார்கள்.

பூசை முடிந்து வாசலில் நின்றேன். வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சுவாமி, அந்தப் பெட்டிய வாங்கித் தந்தது நீங்கதானே? அதுக்கு முந்தி நாங்க வாயாலதானே பாடினநாங்க” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை என்னை விடவில்லை.

அவர் சொன்னது உண்மை. பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கருவியை வாங்க ஓடித் திரிந்தவன் நான்தான். வாசிக்க ஓர் இளைஞனையும் பழக்கினோம். இரண்டு ஒலிவாங்கி வைத்தோம். இசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இசை கூடக் கூட, பின்வரிசையில் இருந்த ஆச்சிமாரின் குரல் குறைந்துகொண்டு போனதை நான் கவனிக்கவில்லை. வாத்தியம் வந்தது குற்றமன்று. வாத்தியம் பாடும், ஒலிபெருக்கி பாடும், நாம் கேட்டால் போதும் என்று சனங்கள் பழகிக்கொள்ள இடம் கொடுத்ததே என் குற்றம். வாசிக்கிறவன் போன அன்று, பாட்டும் அவனோடு போய்விட்டது.

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளிநாடு போகிறார்கள். கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவர்களைப் பெரிய பங்குகள் அழைத்துக்கொள்கின்றன. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, வாசிக்க ஆள் இருந்த கோவில்களிலும் கீபோர்ட் ஊமையானது. ஆகவே இந்த வாரம் நாம் படிக்க வேண்டிய பாடம் இதுதான்: வாத்தியக்காரர் இல்லாத சிறிய கோவில் எப்படிப் பாடுவது?

திருச்சபை எதை முதலில் பாடச் சொல்லுகிறது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இறைமக்களின் பாடலைத் திருவழிபாட்டின் அணிகலனாக மட்டும் பார்க்கவில்லை. அதன் உடன்பிறந்த பகுதியாகவே பார்க்கிறது. அதை நடைமுறைப்படுத்த 1967 மார்ச் 5ஆம் நாள் ‘மூசிக்காம் சாக்ராம்’ என்னும் அறிவுரை ஏடு உரோமையிலிருந்து வந்தது. நம் சிற்றாலயங்களுக்கென்றே எழுதியதுபோன்ற ஓர் ஒழுங்கு அதில் இருக்கிறது. பாட வேண்டியவற்றை அது மூன்று படிகளாகப் பிரிக்கிறது.

முதற்படி: குருவின் வாழ்த்தும் மக்களின் மறுமொழியும், மன்றாட்டுகளுக்குச் சொல்லும் ஆமென், நற்செய்தி வேளையின் ஆர்ப்பரிப்பு, தொடக்கவுரையின் உரையாடல், ‘தூயவர்’, நற்கருணை மன்றாட்டின் இறுதிப் புகழுரை, ஆண்டவர் கற்பித்த செபம், சமாதான வாழ்த்து, முடிவில் பிரியாவிடை.

இரண்டாம் படி: இரக்க மன்றாட்டு, வானவர் கீதம், செம்மறி மன்றாட்டு, விசுவாச அறிக்கை, விசுவாசிகளின் மன்றாட்டு.

மூன்றாம் படி: வருகைப் பாடல், வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், நற்கருணைப் பாடல்.

இந்த ஏடு ஒரு விதியும் சொல்லுகிறது. முதற்படியைத் தனியாகவும் பாடலாம். ஆனால் முதற்படி இல்லாமல் இரண்டாவதையும் மூன்றாவதையும் பாடலாகாது.

இப்போது நம் கோவிலை நினைத்துப் பாருங்கள். நாம் செய்வது நேர்மாறு. வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு என்று மூன்றாம் படியில்தான் முழுப் பலத்தையும் செலவிடுகிறோம். புதிய பாட்டு, புதிய மெட்டு, அதற்கு ஒத்திகை, வாத்தியம் எல்லாம் அங்கேயே முடிந்துபோகின்றன. குருவும் மக்களும் ஒருவரோடொருவர் பாட வேண்டிய முதற்படியை வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம். அத்திவாரம் போடாமல் கூரை வேய்ந்திருக்கிறோம். வாத்தியக்காரன் போனதும் கூரை பறந்துவிட்டது. நிற்பதற்குச் சுவரும் இல்லை.

முதற்படியில் உள்ளவற்றில் எதற்காவது வாத்தியம் கட்டாயம் வேண்டுமா? வேண்டாம். ஒரு குரல் கேட்கிறது, பல குரல் பதில் சொல்லுகிறது, அவ்வளவுதான். ஆகவே வாத்தியக்காரர் பஞ்சம் நம்மைத் தள்ளிவிட்டிருக்கும் இடம், திருச்சபை நம்மைத் தொடங்கச் சொன்ன அதே இடம்.

இங்கே குருக்களாகிய எங்களுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. குரல் வளம் இல்லாத குரு கடினமான பகுதிகளை உரத்துச் சொல்லலாம் என்று அதே ஏடு இடம் தருகிறது. ஆனால் தன் வசதிக்காக மட்டும் அப்படிச் செய்யக் கூடாது என்கிறது. குரு பாடாவிட்டால் மக்கள் எதற்கு மறுமொழி பாடுவது?

பெட்டி வருமுன் பாட்டு இருந்தது

ஆர்மோனியம் இல்லாமல் கோவிலில் பாட முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆர்மோனியத்துக்குப் பாரிஸ் நகரில் காப்புரிமை பெறப்பட்டது 1842ஆம் ஆண்டில்தான். கீபோர்ட் நம் ஊருக்கு வந்தது நேற்று. பாட்டோ ஆண்டவரின் கடைசி இராவுணவிலேயே இருந்தது. சீடர்களோடு புகழ்ப்பாடல் பாடிவிட்டே அவர் ஒலிவ மலைக்குப் புறப்பட்டார் என்று புனித மத்தேயு எழுதுகிறார். பிலிப்பி நகரச் சிறையில் புனித சின்னப்பரும் சீலாவும் நள்ளிரவில் பாடினார்கள். தொழுமரத்தில் மாட்டியிருந்த கால்களோடு பாடினார்கள்.

உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்துப் பாடகர் குழாம் வாத்தியத் துணையின்றிப் பாடியே பல நூற்றாண்டுகளாகப் புகழ் பெற்றது. வாத்தியம் இல்லாமல் பாடுவதை உலகெங்கும் ‘ஆ கப்பெல்லா’ என்கிறார்கள். அந்த இத்தாலியச் சொல்லுக்குச் ‘சிற்றாலய முறைப்படி’ என்பதே பொருள். பெரிய கோவில்கள் நம்மைப் போன்ற சிற்றாலயங்களிடமிருந்து கடன் வாங்கிய பெயர் என்று எண்ணி நாம் பெருமைப்படலாம்.

நம் நாட்டு வரலாறும் இதையே சொல்லுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் துரத்தப்பட்டு, கோவில்கள் பறிபோன காலத்தில், 1687ஆம் ஆண்டு புனித யோசேவாஸ் மாறுவேடத்தில் இந்நாட்டுக்கு வந்தார். அவர் வரும்வரை விசுவாசத்தைக் காத்தது வீடுகளில் சொன்ன செபமும் பாட்டும்தான். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’, தவக்காலத்தில் இராகம் இழுத்து வாசிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கத்தோலிக்கரின் நெஞ்சில் ஊறியது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு குரலும், உருகும் மனமுமே.

இன்னும் கிட்டிய நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் இக்கரையை வாரிக்கொண்டு போனது. 2006இலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்து மக்கள் போரினால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நெஞ்சில் இருக்கும் பாட்டு மட்டுமே கூட வரும். அப்படிக் கூட வரக்கூடிய பாட்டு இன்று நம் பிள்ளைகளிடம் எத்தனை இருக்கிறது?

கரைவலையும் கூத்துக் களரியும் தரும் பாடம்

கரைவலை இழுத்தவர்களுக்கு அம்பாப் பாட்டுத் தெரியும். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் ஒரே குரலாய் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் தாளத்தில் கயிறு கரைக்கு வரும். அங்கே பாடகர் வேறு, கேட்பவர் வேறு என்று இல்லை. பாடாதவன் இழுக்காதவன்.

மட்டக்களப்புக் கூத்தும் அப்படியே. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். சல்லரி ஒலிக்கும். கூத்தர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். ஒரு மத்தளம், ஒரு சோடிச் சல்லரி, வாங்கிப் பாட நாலு பேர்; இவ்வளவைக் கொண்டே விடிய விடிய ஊரை இருத்தி வைத்தார்கள். முன்னாளில் நம் கோவில்களில் செபம் சொல்லிக் கொடுத்து, பாட்டை எடுத்துக் கொடுத்தவரையும் அண்ணாவியார் என்றுதானே அழைத்தார்கள்?

இதே முறையைத் திருச்சபையும் கேட்கிறது. சிறிய பாடகர் குழாம்கூட அமைக்க முடியாத இடத்தில், நன்கு பழகிய ஒருவர் அல்லது இருவர் எளிய பாடல்களை எடுத்துக் கொடுத்து மக்களை நடத்த வேண்டும் என்று 1967ஆம் ஆண்டின் ஏடு சொல்லுகிறது. பத்துப் பேரைத் தேடி ஏங்க வேண்டாம். ஒருவர் போதும்.

இனி என்ன செய்வது?

ஒன்று: பாட்டு எடுப்பவரைத் தேர்ந்தெடுங்கள். இனிய குரலைத் தேடுவதைவிட, சுருதி விலகாத குரலையும், அவசரப்படாத மனத்தையும் தேடுங்கள். பெரியவர் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒருவர் என்று இருவரைப் பழக்குங்கள். ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் மற்றவர் இருப்பார். இவர் சனங்கள் பார்க்கும்படி முன்னே நிற்க வேண்டும். முதல் அடியைத் தாம் பாடிவிட்டு, கையை உயர்த்திச் சனங்களை அழைக்க வேண்டும். சனங்கள் பாடும்போது ஒலிவாங்கியை விட்டு ஓர் அடி விலகி நிற்க வேண்டும். தங்கள் குரல் தங்களுக்கே கேட்டால்தான் சனங்கள் துணிந்து பாடுவார்கள்.

இரண்டு: தாழ்வாகத் தொடங்குங்கள். வாத்தியம் இல்லாத இடத்தில் பாட்டு முறிவதற்கு முதற்காரணம், உற்சாகத்தில் உச்சத்தில் தொடங்குவதே. ஆணும் பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து பாடும்போது 1 அல்லது 2 கட்டைச் சுருதி பொருந்தும். மேல் சட்ஜத்தைத் தாண்டாத மெட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். துருத்தியால் இயங்கும் சுருதிப் பெட்டி ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், வாசிப்பவரும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையும் அதை இயக்கும்.

மூன்று: படிப்படியாகப் பழக்குங்கள். முதல் மாதம் குருவின் வாழ்த்துக்குரிய மறுமொழி, ஆமென், நற்செய்தி வேளையின் ஆர்ப்பரிப்பு. இரண்டாம் மாதம் ‘தூயவர்’. மூன்றாம் மாதம் பதிலுரைப் பாடல்: பாட்டு எடுப்பவர் அடிகளைப் பாட, மக்கள் ஒரு வரியை மட்டும் வாங்கிப் பாடட்டும், அம்பா பாடிய ஊருக்கு இது புதிதன்று. நான்காம் மாதம் இரக்க மன்றாட்டும் செம்மறி மன்றாட்டும். ஐந்தாம், ஆறாம் மாதங்களில்தான் மற்றப் பாடல்கள். ஒவ்வொரு பூசைக்கு முன்னும் பத்து நிமிடம் போதும். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு முந்தியே சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

நான்கு: குறைவாகப் பாடுங்கள், மனப்பாடமாகப் பாடுங்கள். சின்னக் கோவிலுக்கு வாரம் ஒரு புதுப்பாட்டு ஆகாது. வருகைக்கு இரண்டு, காணிக்கைக்கு இரண்டு, நற்கருணைக்கு நான்கு, தேவதாய்க்கு இரண்டு. பத்துப் பாட்டை நெஞ்சில் பதித்தால், காலத்துக்கேற்ப மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளலாம்.

ஐந்து: மௌனத்துக்கு அஞ்ச வேண்டாம். வழிபாட்டில் தூய மௌனத்துக்கும் இடம் உண்டு. காணிக்கை வேளையில் பாட்டு இல்லாவிட்டால் பூசை குறைந்துவிடாது. இடைவெளியை நிரப்ப வேண்டும் என்பதற்காகவே ஏதாவது ஒலிக்கத் தேவையில்லை.

ஆறு: கைத்தொலைபேசியை அதன் இடத்தில் வையுங்கள். பாடுகிறவனுக்குப் பதிலாக இயந்திரம் ஆராதிக்க முடியாது. ஒலிப்பதிவுக் கருவிகளைத் திருவழிபாட்டில் இசைக்க வேண்டாம் என்று 1958 செப்டெம்பர் 3ஆம் நாள் உரோமை வெளியிட்ட அறிவுரை விலக்கியது. ஆனால் வழிபாடு நடவாத வேளையில் பாட்டுப் பழக்குவதற்கு அவற்றைப் பயன்படுத்த அதே அறிவுரை இடம் கொடுத்தது. சிறுவர் பூசைகளுக்கு மட்டும், ஆயர் பேரவையின் விதிப்படி ஒலிப்பதிவுக்கு இடமுண்டு என்று 1973இல் ஒரு தளர்வு வந்தது. ஆகவே வாரநாளில் போனில் கேட்டுப் பழகுங்கள். ஞாயிறன்று போனை அணைத்துவிட்டு வாயால் பாடுங்கள்.

ஏழு: அயல் பங்கின் உதவியைச் சரியாகக் கேளுங்கள். திருநாளுக்கு வந்து வாசித்துவிட்டுப் போக ஒரு குழுவை அழைப்பதிலும், ஆண்டில் நாலு சனிக்கிழமை வந்து இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவரை அழைப்பது மேல். மத்தளமோ சல்லரியோ தெரிந்தவர் ஊரில் இருந்தால், பங்குத்தந்தையோடு பேசி, வழிபாட்டுக்கு இசைவாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மக்களின் சொந்த இசை மரபை மதிக்கும்படி வத்திக்கான் சங்கமே கேட்டிருக்கிறது.

எப்போது தொடங்குவது என்று கேட்பீர்கள். தவக்காலத்தில் தொடங்குங்கள். தவக்காலத்தில் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் தவிர, மற்ற நாட்களில் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே வாத்தியம் இசைக்கலாம் என்பது விதி. அதாவது ஆண்டில் நாற்பது நாள், பெரிய பேராலயமும் வாத்திய முழக்கத்தைக் குறைத்துக்கொண்டு குரலுக்கு இடம் விடுகிறது.

வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை

உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் விரல்கள் ஆண்டவர் தந்த கொடை. சனங்களின் குரலைத் தூக்கிப் பிடிக்க வாசியுங்கள். அதை மூடிவிட வாசிக்க வேண்டாம். ஒரு பாட்டின் கடைசி அடியில் கையை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சனங்கள் தொடர்ந்து பாடினால் நீங்கள் நல்ல வாத்தியக்காரர். பாட்டு நின்றுபோனால், அடுத்த வாரம் இன்னும் மெதுவாக வாசியுங்கள்.

பனிச்சைச் சாறு

முன்னாளில் நூல்வலை கட்டியவர்கள் பனிச்சங்காயின் சாற்றில் வலையை ஊறவைத்து எடுப்பார்கள். துவர் ஏறிய வலை உப்புத் தண்ணீருக்கு எளிதில் இற்றுப்போகாது. பனிச்சங்கேணி என்ற பெயரில் அந்த மரத்தின் பெயர் இன்னும் இருக்கிறது. பாட்டும் அப்படித்தான். ஒரு நாள் பூசிவிட்டுக் காயவிட்டால் நிற்காது; ஊற வேண்டும்.

அந்தச் சிற்றாலயத்துக்குத் தவக்காலத்தில் மறுபடியும் போனேன். ஆச்சியையும் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையையும் முன்னே நிறுத்தினோம். முதல் ஞாயிறு உயரத் தொடங்கி நடுவிலே முறிந்தது, சிலர் சிரித்தார்கள். நான் பாடிய வாழ்த்தும் சுருதி விலகித்தான் போனது. இரண்டாம் ஞாயிறு பாதிப்பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் ஞாயிறு ‘தூயவர்’ கடைசி அடிவரை முறியாமல் நின்றது. அழகாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் நாற்பது பேரும் பாடினார்கள்.

அதற்கடுத்த கிழமை அவ்வூரில் ஒரு மரணம். வேலைநாள், வாசிக்க ஒருவரும் இல்லை. முன்னர் என்றால் அந்த மனிதரை மௌனமாகத்தான் மண்ணுக்குக் கொண்டுபோயிருப்போம். இம்முறை வீட்டு வாசலில் ஆச்சி அடி எடுத்துக் கொடுத்தார். சனங்கள் வாங்கிப் பாடிக்கொண்டே சவக்காலைவரை நடந்தார்கள். மரணம் வாத்தியக்காரனின் வரவு பார்த்து வருவதில்லை. அன்று நம் வாயில் பாட்டு இருக்க வேண்டும்; அதற்காகத்தான் இந்தப் பாடம்.

வீட்டிலும் பங்குச் சபையிலும் பேசிப் பார்க்க

1. திருப்பலியில் முதற்படிக்குரிய எவற்றை நம் கோவிலில் பாடுகிறோம்? எவற்றை வெறுமனே சொல்லிவிடுகிறோம்?

2. நம் வீட்டில் எல்லாரும் புத்தகம் பாராமல் பாடக்கூடிய திருப்பாடல்கள் எத்தனை? இன்றிரவுச் செபத்தில் ஒன்றைப் பாடிப் பாருங்கள்.

3. நம் ஊரில் பாட்டு எடுக்கத் தெரிந்தும் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பெரியவர் யார்? அவரை யார் போய் அழைப்பது?

- ஆசிரியர்